ஒரே அணி, இரண்டு ஸ்டீயரிங்

செப்பாங் தடத்தில் நடந்த மூன்று பந்தயங்கள், சக ஓட்டுநர் என்ற சிக்கலான உறவைப் பற்றி நமக்குச் சொல்வது என்ன?

கம்போங் மேடானில் மோட்டார் சைக்கிள் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் நின்றால், எண்ணெய் மாற்றுவதைவிடப் பேச்சுதான் அங்கே அதிகமாக நடக்கும். அண்மையில் பிரேக் பேட் மாற்றுவதற்காக ஒரு பட்டறையில் காத்திருந்தேன். கைப்பேசியில் எஃப்1 பந்தயத்தின் காணொலியைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் பையன் பட்டறைக்காரரிடம் கேட்டான்:

“அண்ணே, ரெண்டு பேரும் ஒரே டீம். ஒரே கலர் காடி. அப்புறம் ஏன் ஒருத்தன ஒருத்தன் முந்த விடமாட்டேங்கிறான்?”

அண்ணன் தலை நிமிராமலே பதில் சொன்னார்: “அங்கதான்டா சண்டையே ஆரம்பிக்குது.”

அந்தப் பட்டறையிலிருந்து செப்பாங் அனைத்துலகப் பந்தயத் தடத்துக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1999 முதல் 2017 வரை 19 மலேசிய கிராண்ட் பிரி பந்தயங்கள் அங்கு நடந்தன. அந்தப் பையனின் கேள்விக்கு விடை தேட ஐரோப்பாவுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. சக ஓட்டுநர் நண்பனா, எதிரியா என்ற கேள்வி உலகமே பார்க்க வெடித்த இடங்களில் ஒன்று நம் செப்பாங்.

ஒப்பிட ஒரே ஓர் ஆள்

எஃப்1-இல் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள். ஓட்டுநர்களுக்கு ஒரு வெற்றியாளர் பட்டம், அணிகளுக்கு இன்னொரு பட்டம். அணிப் பட்டத்துக்கு இரண்டு கார்களின் புள்ளிகளும் கூட்டப்படும். அணியின் வருமானமும் அந்த வரிசையைப் பொறுத்தே அமையும். அதனால் இருவரும் நன்றாக ஓட வேண்டும் என்பதே அணி நிர்வாகியின் கவலை. ஓட்டுநரின் கவலை வேறு. தன் பெயருக்கு நேராக எத்தனை புள்ளி இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. பின்வரிசையில் ஓடும் ஓட்டுநர், “என் கார் மெதுவான கார்” என்று யாரிடமும் சொல்லித் தப்பிக்கலாம். பக்கத்துக் காரில் இருப்பவரைக் காட்டிக் கேட்டால் மட்டும் பதில் இருக்காது. அதே எஞ்சின், அதே டயர், அதே தொழிற்சாலை. அவர் அரை வினாடி வேகமாக ஓடிவிட்டால் உலகத்துக்கு முன்னால் அம்பலப்பட்டுப் போவோம்.

இதை நன்கு அறிந்தவர் நம் நாட்டின் அலெக்ஸ் யூங். எஃப்1-இல் பந்தயம் ஓட்டிய ஒரே மலேசியர் அவர். 2001 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் மினார்டி அணிக்காகக் களமிறங்கினார். அப்போது அவருடைய சக ஓட்டுநர் பெர்னாண்டோ அலோன்சோ, பின்னாளில் இருமுறை உலக வெற்றியாளர். மறு ஆண்டு அந்த இடத்துக்கு வந்தவர் ஆஸ்திரேலியாவின் மார்க் வெப்பர். 2002-இன் முதல் பந்தயம் மெல்பர்னில் நடந்தது. வெப்பர் 5-ஆவது, யூங் 7-ஆவது. முதல் 6 பேருக்கு மட்டுமே புள்ளி கிடைத்த காலம் அது. ஏழை அணியான மினார்டிக்கு அது திருவிழா நாள். ஆனால் கொண்டாட்டம் முழுவதும் வெப்பருக்குப் போனது. அந்த ஆண்டு மூன்று பந்தயங்களில் யூங் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. நடுவில் இரண்டு பந்தயங்களுக்கு அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். அலோன்சோவோடும் வெப்பரோடும் ஒப்பிடப்படாமல் வேறு யாரோடாவது ஒப்பிடப்பட்டிருந்தால், அவரைப் பற்றிய மதிப்பீடு வேறாக இருந்திருக்குமோ என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2005-இல் ஜோர்டான் அணியில் போர்ச்சுகலின் தியாகோ மொன்தேரோவுடன் சேர்ந்து ஓட்டினார். அந்த ஆண்டு செப்பாங்கில் நரேன் 11-ஆவது, மொன்தேரோ 12-ஆவது. மூன்று மாதம் கழித்து அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில், டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. இரண்டு பெராரி கார்களுக்கு அடுத்து வருபவருக்கு மேடை காத்திருந்தது. அந்த ஓர் இடத்துக்கு உண்மையில் போட்டி போட்டவர்கள் ஜோர்டான் அணியின் இருவர்தாம். மொன்தேரோ 3-ஆவது வந்து மேடை ஏறினார். நரேன் 4-ஆவது. இந்தியர் எவரும் இன்றுவரை எஃப்1 மேடை ஏறியதில்லை. தடுத்தவர் எதிரணிக்காரர் அல்லர். அதே மஞ்சள் காரில் வந்த தோழர்.

கராஜுக்கு நடுவே ஒரு கோடு

தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஓர் அணியின் கராஜ் ஒரே அறையாகத் தெரியும். உள்ளே அது இரண்டு குடும்பமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் ஓட்டுநருக்கும் தனி ரேஸ் எஞ்சினியர், தரவுகளை அலசும் எஞ்சினியர்கள், தனி மெக்கானிக்குகள். பிட்டில் டயர் மாற்றும் குழு மட்டும் இருவருக்கும் பொது.

ஓட்டுநரின் காதில் ஒலிக்கும் குரல் ரேஸ் எஞ்சினியருடையது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு வெளியுலகத்தோடு உள்ள ஒரே தொடர்பு அந்தக் குரல்தான். டயர் எவ்வளவு தாங்கும், மழை எப்போது வரும், பின்னால் வருபவர் எத்தனை வினாடியில் இருக்கிறார் என்பதையெல்லாம் அவர் சொல்ல வேண்டும். ஓட்டுநர் கொதித்துப்போய்க் கத்தும்போது பொறுமையாகக் கேட்டுக்கொள்வதும் அவர் வேலை.

அதே நேரத்தில், இரண்டு குடும்பத்துக்கும் இடையில் ரகசியம் கிடையாது. எந்த வளைவில் எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடித்தார், எங்கே எண்ணெயை அழுத்தினார் என்ற பதிவுகள் எல்லாம் இருவருக்கும் திறந்தே இருக்கும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நீங்கள் கண்டுபிடித்த வித்தையைச் சனிக்கிழமை உங்கள் சக ஓட்டுநர் உங்கள்மீதே பயன்படுத்துவார். உங்களை மிக நன்றாக அறிந்த எதிரி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

இந்த அமைப்பில் ஓர் அணி ஒருவர் பக்கம் சாய்கிறது என்று இன்னொருவர் நினைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. 2010-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ரெட்புல் அணியிடம் புதிய வகை முன்னிறக்கை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை வெப்பரின் காரிலிருந்து கழற்றி, செபாஸ்டியன் வெட்டலின் காரில் பொருத்தினார்கள். மறுநாள் பந்தயத்தை வென்றவர் வெப்பர். இரண்டாம் நிலை ஓட்டுநருக்கு இது மோசமில்லை என்று அணித் தலைவரிடம் வானொலியிலேயே குத்திக்காட்டினார். அந்த இறக்கையின் கணக்கு மூன்று ஆண்டுக்குப் பிறகு செப்பாங்கில் தீர்க்கப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

1999: நாயகன் துணைவனான நாள்

ஆனால் செப்பாங்கின் முதல் எஃப்1 கதை விட்டுக்கொடுத்த கதை. 1999 அக்டோபர் 17, மலேசியாவின் முதல் எஃப்1 பந்தயம். பெராரியின் மைக்கல் சூமாக்கர் அதற்கு மூன்று மாதம் முன்பு சில்வர்ஸ்டோனில் கால் முறிந்து, ஆறு பந்தயங்களைத் தவறவிட்டிருந்தார். அந்த இடைவெளியில் அவருடைய துணை ஓட்டுநராக இருந்த எடி எர்வைன், மெக்லாரனின் மிக்கா ஹக்கினனோடு பட்டத்துக்குப் போட்டியிடும் நிலைக்கு உயர்ந்திருந்தார். சூமாக்கருக்கு மாற்றாக வந்த மிக்கா சாலோ, ஜெர்மனியில் தாம் முன்னணியில் இருந்தும் எர்வைனுக்கு வழிவிட்டார். வெற்றிக் கிண்ணத்தை எர்வைன் சாலோவிடமே கொடுத்துவிட்டார்.

செப்பாங்கில் சூமாக்கர் திரும்பி வந்தார். தகுதிச் சுற்றில் எர்வைனைவிட ஏறக்குறைய ஒரு வினாடி வேகம். யாரும் தொட முடியாத வேகத்தில் இருந்த அவர், பந்தயத்தில் இரண்டு முறை எர்வைனுக்கு வழிவிட்டார். மீதி நேரம் முழுவதும் ஹக்கினனைப் பின்னால் அடைத்துவைத்தார். எர்வைன் முதலிடம், சூமாக்கர் இரண்டாமிடம். இருமுறை உலக வெற்றியாளரான ஒருவர், தமக்குக் கீழே இருந்தவருக்காக அடியாள் வேலை பார்த்த நாள் அது.

அந்தத் தியாகம் எர்வைனுக்குப் பட்டத்தைத் தந்ததா? இல்லை. அடுத்து ஜப்பானில் ஹக்கினன் வென்று, 76-க்கு 74 என இரண்டே புள்ளியில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஆனால் அணிப் பட்டம் பெராரிக்குக் கிடைத்தது, 1983-க்குப் பிறகு முதன்முறையாக. தனிமனிதர் தோற்று அணி வென்றது. இந்தக் கணக்கை அணித் தலைவர்கள் இன்றும் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

2013: ‘மல்டி 21’

2013 மார்ச் 24, அதே செப்பாங். மழையில் நனைந்த தடத்தில் தொடங்கிய பந்தயம். மொத்தம் 56 சுற்று. 43-ஆவது சுற்றில் கடைசியாக டயர் மாற்றிக்கொண்டு வெளியே வந்த வெப்பர் முன்னால் இருந்தார். மூன்று முறை உலக வெற்றியாளரான வெட்டல் அவரை உரசிக்கொண்டு பின்னால் வந்தார்.

அப்போது ரெட்புல் அணி இருவருக்கும் ஓர் உத்தரவைக் கொடுத்தது: ‘மல்டி 21’. எதிரணிகளுக்குப் புரியக் கூடாது என்பதற்காக வைத்த குறிப்புச் சொல். வெப்பரின் கார் எண் 2, வெட்டலின் எண் 1. ‘21’ என்றால் 2 முன்னால், 1 பின்னால். அப்படியே வரிசை மாறாமல் வீடு வந்து சேருங்கள், எஞ்சினையும் டயரையும் காப்பாற்றுங்கள் என்று பொருள். வெப்பர் அதை நம்பி எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வெட்டல் குறைக்கவில்லை. இருவரும் சுவரோரம் சக்கரத்தோடு சக்கரம் உரசும் அளவுக்குப் போராடி, 46-ஆவது சுற்றில் வெட்டல் முந்தினார், வென்றார்.

மேடைக்குப் போகுமுன் வீரர்கள் முகம் துடைத்துக்கொள்ளும் சிறிய அறையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வெப்பர் வெட்டலைப் பார்த்து “மல்டி 21, செப்” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்று மாலை வெட்டல் மன்னிப்புக் கேட்டார். மூன்று வாரம் கழித்துச் சீனாவில் பேசும்போது, மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் அதையே செய்வேன் என்ற தொனியில் பேசினார். முன்பு தமக்கு உதவ வேண்டிய நேரத்தில் வெப்பர் உதவவில்லை என்பது அவருடைய மனக்குறை. 2011-இல் சில்வர்ஸ்டோனில் இதே போன்ற உத்தரவை வெப்பரும் மதிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

இதில் மனத்தை உறுத்துவது கணக்குதான். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. வாக்கை மீறியதால் வெட்டல் கூடுதலாகப் பெற்றது 7 புள்ளி. அந்த ஆண்டு முடிவில் அவர் 397 புள்ளியோடு பட்டம் வென்றார். இரண்டாவது வந்த அலோன்சோ 242. இடைவெளி 155. செப்பாங்கின் 7 புள்ளி இல்லாமலே அவர் தாராளமாக வென்றிருப்பார். வெப்பரோ அந்த ஆண்டோடு எஃப்1-ஐ விட்டே விலகினார்.

அதே மேடையில் இன்னொருவர்

அன்று மூன்றாவது இடத்தில் நின்றவர் லூயிஸ் ஹமில்டன். நம் பெட்ரோனாஸ் பெயர் தாங்கிய மெர்சிடிஸ் அணிக்கு வந்து இரண்டாவது பந்தயம். பழக்க தோஷத்தில், டயர் மாற்ற வந்தவர் தம் பழைய அணியான மெக்லாரனின் பிட்டில் போய் நின்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். பந்தய முடிவில் அவருக்கு எரிபொருள் குறைந்தது. பின்னால் வந்த நிக்கோ ரோஸ்பெர்க் வேகமாக இருந்தார். முந்த அனுமதி கேட்டார். அணித் தலைவர் ரோஸ் பிராவ்ன் மறுத்துவிட்டார். ரோஸ்பெர்க் கட்டுப்பட்டு நான்காவது வந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் வானொலியில் சொன்னார். மேடையில் ஹமில்டனே, தாம் நிற்கும் இடத்தில் ரோஸ்பெர்க் நின்றிருக்க வேண்டும் என்றார்.

ஆக, ஒரே பந்தயத்தில் ஒருவர் உத்தரவை மீறி வென்றார். இன்னொருவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு மேடையை இழந்தார். கட்டுப்பட்டவருக்கு அந்தக் கடன் திரும்பி வந்ததா? 2014-இல் ஹங்கேரியில் ரோஸ்பெர்குக்கு வழிவிடும்படி ஹமில்டனிடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். அதன் பிறகு பெல்ஜியத்தில் மோதல். 2016-இல் பார்சலோனாவில் முதல் சுற்றிலேயே இருவரும் மோதி வெளியேற்றம். அந்த ஆண்டு 5 புள்ளி வித்தியாசத்தில் ஹமில்டனை வென்ற ரோஸ்பெர்க், ஐந்தே நாளில் ஓய்வை அறிவித்தார். சிறுவயதில் கோ-கார்ட் ஓட்டிய காலத்திலிருந்து நண்பர்களாக இருந்தவர்கள் அவர்கள்.

அந்த அனுபவம் ஹமில்டனிடம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்ததாகவே தோன்றுகிறது. 2017 ஜூலையில் ஹங்கேரியில், புதிய சக ஓட்டுநர் வால்டெரி போத்தாஸ் அவருக்கு வழிவிட்டார். முன்னால் போகும் பெராரிகளைப் பிடிக்க முடியாவிட்டால் இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. பிடிக்க முடியவில்லை. பின்னால் இன்னோர் அணியின் கார் நெருங்கி வந்தபோதும், கடைசி வளைவில் வேகத்தைக் குறைத்து மூன்றாமிடத்தைப் போத்தாஸிடம் திருப்பிக் கொடுத்தார். 15 புள்ளிக்குப் பதில் 12 புள்ளியோடு வீடு போனார். பட்டத்துக்குக் கடும் போட்டி நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஆனாலும் ஆண்டு முடிவில் பட்டம் அவருடையதே.

2017: திரையில் தோன்றிய ‘மேப்பிங் 8’

மோட்டோ ஜிபி ரசிகர்கள் மறக்க முடியாத செப்பாங் நாள், 2017 அக்டோபர் 29. டுகாட்டி அணியின் அந்திரேயா டோவிசியோசோவுக்குப் பட்ட வாய்ப்பு உயிரோடு இருக்க வெற்றி தேவை. ஆனால் முன்னால் ஓடியவர் அவருடைய சக ஓட்டுநர் ஹோர்ஹே லொரேன்சோ, மூன்று முறை மோட்டோ ஜிபி வெற்றியாளர். மோட்டோ ஜிபியில் அப்போது காதில் பேசும் வானொலி கிடையாது. லொரேன்சோவின் மோட்டார் சைக்கிள் திரையில், ‘மேப்பிங் 8’ பரிந்துரைக்கப்படுகிறது என்ற செய்தி தோன்றியது. எஞ்சின் அமைப்பை மாற்றச் சொல்வது போன்ற சொற்கள். உள்ளே ஒளிந்திருந்த பொருளைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஊகித்தார்கள். சற்று நேரத்தில் ஈரத் தடத்தின் கடைசி வளைவில் லொரேன்சோ சற்று அகலமாகப் போக, டோவிசியோசோ உள்ளே நுழைந்து முந்தினார், வென்றார்.

அந்தச் செய்தியைத் தாம் பார்க்கவில்லை என்றார் லொரேன்சோ. அடுத்த பந்தயம் ஸ்பெயினின் வாலென்சியாவில். அங்கே அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தும் அவர் வழிவிடவில்லை. டோவிசியோசோவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ‘மல்டி 21’ போலவே ‘மேப்பிங் 8’-ஐயும் ரசிகர்கள் கேலிச் சொல்லாக்கிவிட்டார்கள். ஒளித்துச் சொல்லும் உத்தரவுக்கு இதுதான் கதி. கடைப்பிடித்தாலும் கேலி, மீறினாலும் கேலி.

மன்னிப்புக் கேட்ட குரல்

ஒளித்துச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? 2002-இல் ஆஸ்திரியாவில் முதலிடத்தில் ஓடிய ரூபன்ஸ் பரிகெல்லோ, வெற்றிக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு சூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. அதன் பிறகு 2003 முதல் 2010 வரை இத்தகைய உத்தரவுகளுக்கு எஃப்1-இல் தடை இருந்தது.

தடைக் காலத்திலும் உத்தரவு நிற்கவில்லை. 2010 ஜூலை 25, ஜெர்மனி. பெராரியின் பெலிப்பே மாஸா முன்னணியில் இருந்தார். சரியாக ஓராண்டுக்கு முன் அதே தேதியில், வேறொரு காரிலிருந்து கழன்று வந்த ஸ்பிரிங் தலைக்கவசத்தைத் தாக்கி உயிருக்குப் போராடியவர் அவர். அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்று அவருடைய எஞ்சினியர் ரோப் ஸ்மெட்லி வானொலியில் கேட்டார். மாஸா வழிவிட்டார். உடனே அதே குரல் மன்னிப்புக் கேட்டது. பெராரிக்கு 100,000 அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வளவு செய்தும் அலோன்சோ அந்த ஆண்டுப் பட்டத்தை 4 புள்ளியில் இழந்தார்.

ஸ்மெட்லி கேட்ட அந்த மன்னிப்பைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உத்தரவை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் தம் ஓட்டுநரிடமிருந்து என்ன பறிக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. இழந்தவனின் இழப்பை ஒப்புக்கொள்ள ஒரு குரலாவது அந்தக் காரில் இருந்தது.

மூன்று புள்ளியின் விலை

2011-இல் தடை நீக்கப்பட்டது. இன்று அணிகள் வெளிப்படையாகவே பேசுகின்றன. மெக்லாரன் அணி லாண்டோ நோரிஸ், ஆஸ்கர் பியாஸ்ட்ரி இருவருக்கும் சம வாய்ப்பு என்று அறிவித்தது. அதன் விலை 2025 செப்டம்பரில் மொன்சாவில் தெரிந்தது. இரண்டாவதாக ஓடிய நோரிஸ், பியாஸ்ட்ரியை முதலில் டயர் மாற்ற விட்டார்; அதனால் தம் இடம் பறிபோகாது என்ற உறுதியின்பேரில். பிறகு நோரிஸ் வந்தபோது ஒரு சக்கரம் சரியாக மாட்டவில்லை; நேரம் போனது; பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. பிட்டில் தாமதம் ஆவதும் பந்தயத்தின் ஒரு பகுதிதானே என்று முணுமுணுத்தாலும், பட்டியலில் அப்போது முதலிடத்தில் இருந்த பியாஸ்ட்ரி கொடுத்தார்.

ஆண்டு முடிவில் நோரிஸ் 423, மெக்ஸ் வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மொன்சாவில் கைமாறியது 3 புள்ளி. மற்றவை எல்லாம் அப்படியே இருந்து அந்த 3 புள்ளி மட்டும் இல்லாதிருந்தால் நோரிஸ் 420-இல் நின்றிருப்பார். உலகப் பட்டம் அணியைவிட்டே போயிருக்கும். சக ஓட்டுநர் முனகிக்கொண்டே திருப்பிக் கொடுத்த ஓர் இடத்தின் மதிப்பு அவ்வளவு.

ஒரே காரில் எல்லாரும்

வெப்பர் என்ன ஆனார்? எஃப்1-ஐ விட்டு போர்ஷே அணியில் சேர்ந்து, நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்குப் போனார். அங்கே மூவருக்கு ஒரே கார். ஒருவர் ஓட்டி முடித்து இறங்கி, அடுத்தவருக்கு இருக்கை வாரைக் கட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். சக ஓட்டுநர் வேகமாக ஓட்டினால் உங்களுக்கும் சேர்த்துத்தான் இலாபம். அவர் சுவரில் மோதினால் உங்கள் கதையும் முடிந்தது. செப்பாங்கில் தோழரால் ஏமாற்றப்பட்ட வெப்பர், 2015-இல் திமோ பெர்ன்ஹார்ட், பிரெண்டன் ஹார்ட்லி இருவரோடும் ஒரே காரைப் பகிர்ந்துகொண்டு உலக வெற்றியாளர் ஆனார்.

இந்த வகைப் பந்தயத்தைத் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் நடிகர் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அணியோடு போனவர், 7-ஆம் தேதி பயிற்சியின்போது தடுப்பில் மோதினார். காயமின்றி அவர் இறங்கி வந்த காணொலியை நம்மில் பலரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பெயர் அவருடையது, அணி அவருடையது. இருந்தும் அணியின் நலன் கருதி அந்த போர்ஷே காரை ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். இன்னொரு காரில், ஜிடி4 பிரிவில் மட்டும் ஓட்டினார். அவர் இறங்கிக்கொண்ட காரை மற்ற ஓட்டுநர்கள் ஓட்டி, அவர்கள் பிரிவில் மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொடியை ஏந்திக்கொண்டு அவர் ஓடி வந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஓட்டாத கார் வென்றதில் ஒரு முதலாளிக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்க முடியும் என்பது புரிந்திருக்கும்.

பட்டறைக்குத் திரும்பினால்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று குழுவாக வேலை செய்யும் இடங்களில் இருக்கிறார்கள். ஒரே திட்டம், இரண்டு பேர், ஒரு பதவி உயர்வு. பக்கத்து மேசைக்காரர் நம் தோழர். மேலதிகாரி நம்மை ஒப்பிடுவதும் அவரோடுதான். செப்பாங்கின் கதைகள் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

இந்தக் கதைகளில் விட்டுக்கொடுத்தவர்கள் எல்லாரும் ஏமாளிகளாக முடியவில்லை. மீறியவர்கள் எல்லாரும் வீழ்ந்துவிடவும் இல்லை. ஆனால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பந்தயத்துக்கு முன்பே பேசி, எல்லாருக்கும் தெரியும்படி ஒப்புக்கொண்டதை அணியும் ஓட்டுநர்களும் காப்பாற்றிய இடங்களில், தோற்றவர் மறுநாளும் அதே கராஜுக்கு வந்தார். நடுவழியில் குறிப்புச் சொல்லால் சொல்லி, மீறியவரைக் கேள்வி கேட்காமல் விட்ட இடத்தில், ஆண்டு முடிவில் ஒருவர் பையைக் கட்டிக்கொண்டு போனார். ஓட்டுநருக்கு அணி தரக்கூடிய ஆதரவு நல்ல காரோடு முடிவதில்லை. சொன்ன சொல் எனக்கும் அவனுக்கும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையும் அதில் சேரும்.

அன்று என் வண்டி தயாரானபோது, பட்டறைக்கார அண்ணன் ஸ்பானரைப் பையனிடம் நீட்டினார். “கடைசி ஸ்குரூவ நீ இறுக்கு. நான் ஒருதடவ பாத்துடுறேன்” என்றார். பையன் இறுக்கினான். அண்ணன் குனிந்து சரிபார்த்துத் தலையாட்டினார். பணம் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: “வேல அவன் பாத்தது, பாஸ்.”

பையன் கைப்பேசியை மறந்து நிமிர்ந்து நின்றான்.